கரையானுக்கு நாம் வைத்த பெயர்கள்

1

போன ஆடி மாதம் அம்மா போன் செய்தாள். வழக்கமான விசாரிப்புகள் எல்லாம் முடிந்தபிறகு, வைக்கப் போகும் நேரத்தில், பால் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அப்பா நோட்டெல்லாம் செல்லரிச்சிருச்சு தம்பி."

அப்பா போய் மூன்று வருடங்கள். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1984-லிருந்து தினமும் இரவு அரைப்பக்கம் எழுதுவார். இலக்கியமெல்லாம் கிடையாது. மழை பெய்த நாள், கண்மாயில் எவ்வளவு தண்ணீர், யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய், எந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை, ஏன் வரவில்லை. மொத்தம் இருபத்தாறு நோட்டுகள். பதினாறாம் நாள் காரியத்தன்று சொந்தக்காரர்கள் எல்லோர் முன்பும் நான்தான் சொன்னேன், "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்திடறேன்." மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இரண்டு சனி ஞாயிறு உட்கார்ந்தால் முடிகிற வேலை. அட்டைப்பெட்டியில் அடுக்கி, கயிறு கட்டி, பரணில் ஏற்றிவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறினேன்.

ஊருக்குப் போய்ப் பெட்டியை இறக்கியபோது எடையே இல்லை. வெளி அட்டை அப்படியே இருந்தது, கயிறுகூட அவிழவில்லை. உள்ளே மண். கரையான் எப்போதும் அப்படித்தான், மேல்தோலை விட்டுவைத்து உள்ளே தின்னும். ஒன்பது நோட்டுகள் தேறின.

மறுநாள் மருந்தடிக்க ஒருவர் வந்தார். சுவரோரம் வரிசையாகத் துளை போட்டுக்கொண்டே பேசினார். "வேலைக்காரப் பூச்சியக் கொன்னு பிரயோஜனம் இல்ல சார். ராணி உள்ள இருக்குற வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கும்."

"தாய்ப்பூச்சியா?" என்று அம்மா கேட்டாள்.

"ராணிம்மா. இருட்டு ரூம்ல கெடக்கும். நகர முடியாது. முட்டை போட்டுக்கிட்டே இருக்கும்."

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நகர முடியாம புள்ள பெத்துக்கிட்டே கெடக்குறவளுக்கு ராணின்னா பேரு?" என்றாள்.

அன்றிரவு பஸ்ஸில் அந்தக் கேள்வியோடுதான் வந்தேன். அடுத்த சில மாதங்கள் கரையான்கள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். குற்றவாளியைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வாசிக்க வாசிக்கப் பூச்சியைவிட, அதைப் பற்றிப் பேச மனிதர்கள் எடுத்துக்கொண்ட சொற்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. இந்தக் கட்டுரை அந்தச் சொற்களைப் பற்றியது.

2

ராணி என்ற சொல்லைக் கரையானுக்கு நிலைநிறுத்தியதில் பெரிய பங்கு ஹென்றி ஸ்மீத்மன் என்ற ஆங்கிலேயருடையது. 1771-ல் இயற்கை மாதிரிகள் சேகரிக்க மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் கரைக்குப் போனவர். அவருடைய நீண்ட கட்டுரை 1781-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. புற்றின் குறுக்குவெட்டுப் படங்களோடு அவர் விவரிப்பது ஒரு ராஜ்ஜியத்தை. ராஜா, ராணி, சிப்பாய்கள், உழைப்பாளிகள், நடுவே அரச அறை. உழைப்பாளிகள் சண்டை போடுவதில்லை, சிப்பாய்கள் வேலை செய்வதில்லை.

ஸ்மீத்மன் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர். ராணியின் வீங்கிய உடலையும், அவள் வெளியேற முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கும் அறைவாசல்களையும் அவரே பார்த்து எழுதியிருக்கிறார். ஆனாலும் அவர் கையில் இருந்த அகராதி பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அகராதி. அவர் தங்கியிருந்த கடற்கரையோ அடிமை வணிகர்களின் கடற்கரை. யார் உழைப்பார்கள், யார் காவல் நிற்பார்கள், யார் நடுவில் இருப்பார்கள் என்ற கேள்விக்கு அங்கே ஏற்கெனவே பதில் இருந்தது.

அந்தச் சொற்கள் எதையெல்லாம் மறைத்தன என்பது மெல்லத்தான் தெரியவந்தது. ராணி எதையும் ஆள்வதில்லை. சிப்பாய் தானாகச் சாப்பிட முடியாது, அதன் தாடை சண்டைக்கு மட்டுமே ஆனது, வேலைக்காரப் பூச்சி ஊட்டினால்தான் உயிர். எறும்பிலும் தேனீயிலும் உழைப்பவர்கள் எல்லோரும் பெண்கள், கரையானில் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. மரத்துக்குள்ளேயே வாழும் பல இனங்களில் 'தொழிலாளி' என்று நாம் சொல்வது வளர்ந்து முடியாத குஞ்சு. பிற்பாடு அது சிப்பாயாகலாம், சிறகு முளைத்துப் பறந்தும் போகலாம். தொழிலாளி என்று பெயர் வைத்துவிட்டால் அது குழந்தை என்பது கண்ணில் படாது.

இவ்வளவுக்கும் 'வெள்ளை எறும்பு' என்ற ஆங்கிலப் பெயரே தப்பு. அது எறும்புக்கு உறவில்லை. 2007-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கரையான்கள் கரப்பான் பூச்சிகளின் குடும்பத்துக்குள் வருபவை என்று உறுதி செய்தது. கூடி வாழக் கற்றுக்கொண்ட கரப்பான்கள்.

ஸ்மீத்மன் தன் கட்டுரையில் இன்னொருவரை மேற்கோள் காட்டுகிறார். யோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸின் மாணவர். தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்தவர். தென்னிந்தியாவில் பார்த்த கரையான்களைப் பற்றி 1779-ல் ஜெர்மன் மொழியில் எழுதினார். இங்குள்ளவர்கள் ஈசல் பிடிக்கும் விதத்தை அவர் விவரிப்பதை ஸ்மீத்மன் எடுத்துச் சொல்கிறார். புற்றில் இரண்டு துளை போடுவார்கள். காற்று வரும் பக்கம் நாற்றமெடுக்கும் புகை. மறுபக்கத் துளையில் வாசனைத் தழை தேய்த்த பானை. ஈசல்கள் பானைக்குள் வந்து விழும். மாவோடு கலந்து பலகாரமாக்கி மலிவாக விற்பார்கள். அந்த வாசனைத் தழை நம் கறிவேப்பிலை. அதன் அறிவியல் பெயரில் இன்றும் கோனிக்கின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பானையில் தழை தேய்த்தவரின் பெயர் எங்கும் இல்லை.

ஒருவர் பார்வையில் ராஜ்ஜியம், இன்னொருவர் கையில் பலகாரம். இரண்டும் ஒரே பூச்சி.

3

நான் வாசித்ததில் மனதை விட்டுப் போகாத புத்தகம் யூஜின் மரே எழுதியது. மரே தென்னாப்பிரிக்கர். 1871-ல் பிரிட்டோரியா அருகே பிறந்தவர். பத்திரிகையாளர், வழக்கறிஞர், கவிஞர். 1905-ல் வந்த அவருடைய கவிதை ஒன்றிலிருந்துதான் நவீன ஆப்பிரிக்கான்ஸ் கவிதை தொடங்குகிறது என்பார்கள். வாழ்நாளின் பெரும்பகுதி மார்பின் போதைக்கு அடிமையாக இருந்தார். வாட்டர்பெர்க் மலைப்பகுதியில் தனியாக வாழ்ந்து பபூன் குரங்குகளையும் கரையான்களையும் வருடக்கணக்கில் கவனித்தார். 1936-ல் தற்கொலை செய்துகொண்டார்.

1920-களில் அவர் கரையான்கள் பற்றி ஆப்பிரிக்கான்ஸ் வெகுஜன இதழ்களில் எழுதினார். அந்த மொழிக்கு அங்கே ஆட்சி மொழித் தகுதி கிடைத்ததே 1925-ல்தான். அறிவியல் எழுத வேண்டும் என்றால் ஆங்கிலத்தில்தான் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், வீட்டுப் பெண்களும் பண்ணைக்காரர்களும் வாசிக்கும் பத்திரிகையில் அவர் எழுதினார். தமிழில் எழுதுகிறவனுக்கு இதைக் கடந்துபோவது கஷ்டம். அந்தக் கட்டுரைகள் 1934-ல் புத்தகமாயின. தலைப்பைத் தமிழாக்கினால் 'எறும்பின் ஆன்மா'. 1937-ல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது.

இதற்கு நடுவே, 1926-ல் மாரிஸ் மேட்டர்லிங்க்கின் 'கரையான்களின் வாழ்க்கை' பிரெஞ்சில் வந்தது. மேட்டர்லிங்க் 1911-ல் நோபல் பரிசு வாங்கியவர். தன் கருத்தைத் திருடிவிட்டார் என்று மரே குற்றம் சாட்டினார். இன்றும் மரே என்றாலே இந்தத் திருட்டுக் கதைதான் முதலில் வரும். எனக்கு அந்த வழக்கில் பெரிய ஆர்வம் இல்லை. கூட்டத்தை ஒரே உடலாகப் பார்க்கும் எண்ணம் மரேவுக்கும் முந்தியது. எறும்புக் கூட்டத்தை ஓர் உயிரியாக வைத்து வில்லியம் மார்ட்டன் வீலர் 1911-லேயே எழுதிவிட்டார். இரண்டு புத்தகங்களுக்கும் உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மேட்டர்லிங்க் பிறர் பார்த்ததைத் தொகுத்து எழுதினார். அவருடைய கரையான்கள் மனித குலத்தின் இருண்ட எதிர்காலத்தைச் சொல்ல வந்த உவமைகள். அழகான நடைதான், ஆனால் அதில் பொய்யாகக்கூடிய வாக்கியங்கள் குறைவு.

மரே அப்படி இல்லை. புற்று ஓர் உடல் என்கிறார். பூஞ்சைத் தோட்டம் அதன் வயிறு. தொழிலாளியும் சிப்பாயும் ரத்த அணுக்கள். ராணி மூளை. சொல்லிவிட்டு நிறுத்தாமல் சோதிக்கப் போகிறார். புற்றை உடைத்து நடுவே ஓர் உருக்குத் தகட்டை இறக்குகிறார். இரண்டு பக்கமும் தொடர்பு இல்லை. அப்படியும் இரு பக்கத்துக் கட்டுமானமும் ஒன்றுக்கொன்று பொருந்தி வளர்ந்தது என்கிறார். ராணியைக் கொன்றால் இரு பக்கமும் வேலை அந்த நொடியே நின்றுவிடுகிறது என்கிறார்.

பின்னால் வந்த அறிவியல் இதை ஏற்கவில்லை. ராணி மூளை அல்ல, தகட்டைத் தாண்டிப் போகும் ஆணையும் இல்லை. ஆனால் வயிறு என்று அவர் சொன்னது ஏறக்குறைய சரி. புற்றுக்குள் வளரும் அந்தப் பூஞ்சை, கரையானால் செரிக்க முடியாததை அதன் உடலுக்கு வெளியே செரித்துக்கொடுக்கிறது. ராணியைச் சுற்றி எவ்வளவு தூரத்தில் அறைச் சுவர் எழ வேண்டும் என்பதை அவள் உடலிலிருந்து வரும் வாசனை தீர்மானிக்கிறது என்பதும் பின்னால் சோதனைகளில் தெரிந்தது. மூளை இல்லை, ஆனால் வெறும் முட்டை இயந்திரமும் இல்லை.

ஒரு விமர்சகனாக மரேவை நான் இங்கேதான் மதிக்கிறேன். 'ஆன்மா' என்ற சொல் கேட்பதற்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பழையது, மங்கலானது. ஆனால் அவர் அந்தச் சொல்லை ஒரு தகட்டோடு சேர்த்துத்தான் வைத்தார். தப்பு என்று பிறர் சொல்ல இடம் கொடுத்தார்.

4

என் தொழிலின் சொல் 1959-ல் வந்தது. பியேர்-போல் கிராஸே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் கரையான்கள் கட்டுவதைப் பார்த்து 'ஸ்டிக்மெர்ஜி' என்ற சொல்லை உண்டாக்கினார். குறி, வேலை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. விஷயம் எளிமையானது. ஒரு கரையான் ஒரு மண் உருண்டையை வைக்கிறது. அந்த உருண்டையே அடுத்த கரையானை அங்கே இன்னொன்று வைக்கத் தூண்டுகிறது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. செய்து முடித்த வேலையே அடுத்த வேலைக்கு உத்தரவு. ராணி ஆள வேண்டாம், ஆன்மா வேண்டாம், வரைபடம் வேண்டாம்.

முதன்முதலில் இதைப் படித்தபோது அப்பாடா என்றிருந்தது. இது என் மொழி. 2014-ல் ஹார்வர்டில் இதே கொள்கையை வைத்துச் சின்ன ரோபோக்கள் செய்தார்கள். தலைமை இல்லாமல், அங்கங்கே இருக்கும் கட்டைகளைப் பார்த்து மட்டும் முடிவெடுத்து அவை சுவர் கட்டின. அந்த ரோபோக்களுக்கு வைத்த பெயர் டெர்மெஸ். லின்னேயஸ் கரையானுக்கு வைத்த அதே பெயர்.

ஆனால் கரையான் இந்தச் சொல்லுக்கும் முழுக்க அடங்கவில்லை. ஈர மண்ணில் இருக்கும் வாசனைதான் தூண்டுகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். சமீப கால ஆய்வுகள் சில, பரப்பின் வளைவு, ஈரம் போன்றவை கரையானை வழிநடத்துகின்றன என்கின்றன. ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் செய்யும் சின்ன இயந்திரம் என்ற படமும் ஒரு காலத்தின் அகராதிதான். ஸ்மீத்மனுக்கு ராஜ்ஜியம் இருந்தது, எங்களுக்கு அல்காரிதம் இருக்கிறது.

அந்த அகராதியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. என் வேலை சேமிப்புக் கிடங்குகளைப் பராமரிப்பது. யாரும் நெடுநாள் திறக்காத கோப்புகளைத் தேடி அழிக்கும் நிரல் ஒன்றை நான்தான் எழுதினேன். அப்படிப் பின்னணியில் ஓடுகிற நிரலுக்கு எங்கள் தொழிலில் பெயர் 'வொர்க்கர்'. அழித்து முடித்ததும் பயனருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். 'உங்கள் கோப்பு நீக்கப்பட்டது.' யார் நீக்கினார்கள் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. யாராவது சண்டைக்கு வந்தால் 'சிஸ்டம் எடுத்துடுச்சு' என்போம். நான் எழுதிய விதி, ஒருவர் ஒப்புதல் தந்த கெடு, இன்னொருவர் மிச்சப்படுத்த நினைத்த பணம் எல்லாம் சிஸ்டம் என்ற ஒரு சொல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

தலைவன் இல்லாத கூட்டம் என்பது கேட்க அழகாக இருக்கிறது. பொறுப்பாளி இல்லாத கூட்டமும் அதே சொல்லில்தான் வருகிறது.

5

தமிழ் இதில் எங்கே நிற்கிறது? நம் மொழி கரையானை எறும்போடு குழப்பவில்லை. ராஜ்ஜியமும் ஆக்கவில்லை. 'ராணி' நமக்குப் பள்ளிப் பாடத்தின் வழியாக வந்த சொல். பழைய சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. அவை அந்தப் பூச்சிக்கும் நமக்கும் என்ன உறவு என்பதைச் சொல்கின்றன. தின்னும்போது அது செல். கட்டும்போது கரையான். பறக்கும்போது ஈசல். அது வாழுமிடம் புற்று.

ஈசலாக அது உணவு. புறநானூற்றில் பாரியின் நாட்டைப் பற்றிக் கபிலர் பாடும் ஒரு பாட்டில், செம்மண் புற்றிலிருந்து வரும் ஈயலும் புளித்த மோரும் தினையும் ஒரே சமையலில் வருகின்றன. புற்றாக அது தெய்வம். திருவாரூரில் சிவன் புற்றிடங்கொண்டவர். அதே புற்று உடலுக்குள் வந்தால் நோய். மேலை மொழிகள் அந்த நோயை நண்டு என்றன, நாம் புற்று என்றோம். கரையானாக அது கைவினைஞன். ஔவை பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று தூக்கணாங்குருவியின் கூடு, தேனடை, சிலந்தி வலை என்ற வரிசையில் கரையானின் புற்றையும் வைத்து, நான் பெரிய ஆள் என்று யாரும் பீற்றிக்கொள்ளாதீர்கள் என்கிறது. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையில் அது ஏமாந்த உழைப்பாளி. வேலை செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் இன்னொருவன் என்பதை ஸ்மீத்மனின் ராஜ்ஜியத்தைவிட அந்தப் பழமொழி தெளிவாகச் சொல்கிறது.

பெருமைப்பட்டுக்கொண்டு இங்கேயே முடித்திருப்பேன். 'செல்' தான் விடவில்லை.

தேவாரம் மீண்ட கதை நமக்குத் தெரியும். சிதம்பரத்தில் மூவர் பாடிய ஏடுகள் பூட்டிய அறையில் இருக்கின்றன. பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் காவலிருப்பவர்கள். ராஜராஜ சோழன் என்று சொல்லப்படும் மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் மூவரின் சிலைகளைக் கொண்டுவந்து நிறுத்தித் திறக்கவைக்கிறார்கள். உள்ளே ஏடுகளின் மேல் புற்று. பெரும்பகுதி போய்விட்டது. மன்னர் கலங்க, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்திருக்கிறோம் என்று ஓர் அசரீரி கேட்கிறது. இது புராணம், நடந்ததா என்பது வேறு விஷயம். கதையாக அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பூட்டியவர்கள் இருக்கிறார்கள், திறக்க மறுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கதை முடியும்போது ஏட்டைத் தின்றது செல், தின்னவிட்டது இறைவன். மனிதர்கள் எல்லோரும் தப்பித்துவிட்டார்கள்.

ஓலைச்சுவடி என்றென்றைக்கும் இருக்கிற பொருள் இல்லை. ஓரிரு நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து பிரதி எடுத்தால்தான் நூல் பிழைக்கும். உ.வே.சாமிநாதையர் தன் சுயசரிதத்தில் செல்லரித்த ஏடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்கிறார். கூடவே கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டதாக அங்கிருந்தவர்கள் சொன்னதையும் பதிவு செய்கிறார். அதற்குச் செல் காரணம் இல்லை. பொதுப் பேச்சில் நாம் இரண்டையும் சேர்த்து 'தமிழ் நூல்கள் செல்லரித்துப் போயின' என்று முடித்துவிடுகிறோம்.

செல் வாசிக்கப்படும் புத்தகத்தைத் தின்பது அபூர்வம். நகர்த்தாத பெட்டி, பிரிக்காத கட்டு, திறக்காத அறை இவைதான் அதற்கு வேண்டும். செல்லரித்தது என்ற வினைச்சொல்லுக்கு முன்னால் இன்னொரு வினைச்சொல் எப்போதும் உண்டு. அதை நாம் சொல்வதில்லை. மரேயின் 'ஆன்மா'வைத் தகடு வைத்துச் சோதிக்கலாம். 'செல்லரித்தது' என்பதை எதை வைத்துச் சோதிப்பது? அது எப்போதும் உண்மை. அதனால்தான் அவ்வளவு வசதி.

6

நாலடியாரில் ஒரு பாட்டு. அடிமரத்தைச் சிதல் தின்றுவிட்ட ஆலமரத்தை அதன் விழுதே தாங்கிக்கொள்வதுபோல, தந்தை தளர்ந்தால் மகன் தாங்குவான் என்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தது. சிதல் என்றால் கரையான் என்று அப்போது யாரும் சொன்னதாக நினைவில்லை, சொல்லியிருந்தாலும் கவனித்திருக்க மாட்டேன்.

தேறிய ஒன்பது நோட்டுகளை இப்போது ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏழு முடிந்துவிட்டது. 1991-ஆம் வருட நோட்டில், சித்திரை மாதத்தில் ஒரு நாள் அப்பா இப்படி எழுதியிருக்கிறார்: 'பரணில் செல் தெரிந்தது. நோட்டுகளை இறக்கித் தட்டி வெயிலில் வைத்தேன். வேப்பிலை போட்டு மேலே ஏற்றினேன்.' 1993-லும் கிட்டத்தட்ட இதே வாக்கியம். 1998-லும். நடுவில் உள்ள வருடங்கள் மண்ணாகிவிட்டன, அவற்றிலும் இருந்திருக்கும். இருபத்தாறு நோட்டுகளும் அத்தனை காலம் தாமாகப் பிழைத்திருக்கவில்லை. வருடா வருடம் ஒருவர் ஏணி வைத்து ஏறியிருக்கிறார். கடைசி மூன்று சித்திரைகளில் யாரும் ஏறவில்லை.

அம்மாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். மூன்று வருடமும் "அந்தப் பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயேன் தம்பி" என்று சொல்லிக்கொண்டும் இருந்தாள். 'நீ பாக்காம விட்டுட்ட' என்று அன்றைக்குப் போனில் சொல்லியிருக்கலாம். 'செல்லரிச்சிருச்சு' என்றாள். இத்தனை பக்கம் நான் குறை சொன்ன அந்த வினைச்சொல் எனக்காகப் பார்த்துப் பார்த்து எடுத்தது என்று தாமதமாகத்தான் உறைத்தது. சில சமயம் அந்தச் சொல் பொய் இல்லை, இரக்கம். இரக்கத்தை மற்றவர் தரலாம், நானே எனக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

போன வாரம் அவளிடம் சொன்னேன். "செல்லு இல்லம்மா. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி விடு. மிச்ச ரெண்டையும் சீக்கிரம் முடி" என்றாள்.